ஒரே காற்று, ஒன்பது படகு

ராயபுரம், காசிமேடு பக்கம் குத்துச்சண்டைப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, "என்ன வெயிட்டு?" என்பதுதான். 50 கிலோ பையனை 80 கிலோ ஆளுக்கு எதிரே நிறுத்தினால் அதற்கு இந்தப் பேட்டையில் பாக்சிங் என்று பெயர் இல்லை. பரம்பரை பரம்பரையாகக் கையுறை மாட்டிய வட்டாரம் இது. எடைப் பிரிவு எதற்கு என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தராசில் ஏறி நின்றால் முள் சொல்லிவிடும்.

படகுக்கு அப்படியொரு தராசு கிடையாது. நீளத்தை அளக்கலாம், பாயின் பரப்பை அளக்கலாம், கூட்டின் எடையை நிறுக்கலாம். மூன்றும் தெரிந்த பிறகும் இரண்டு படகில் எது வேகம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இளங்காற்றில் முந்துகிற படகு பலத்த காற்றில் பிந்தும். தட்டை நீரில் ஓடுகிற ஓட்டம் அலைமேட்டில் ஓடாது. அடியில் சிப்பி ஒட்டியிருந்தால் எல்லாக் கணக்கும் போச்சு. அப்படியிருக்க, விடுமுறை நாளில் கிளப்புக்கு வந்து சேர்கிற பல சாதிப் படகுகளை எந்த நியாயத்தில் பிரித்துப் பந்தயம் விடுவது? பணமில்லாத, பதக்கமில்லாத, பிற்பகல் பொழுதுபோக்குப் பந்தயம்தான். ஆனாலும் கரைக்கு வந்ததும் நடக்கிற வாக்குவாதத்தைக் கேட்டால் ஒலிம்பிக் தோற்றுப்போகும்.

ராயபுரத்திலிருந்து கரையோடு தெற்கே நாலைந்து கிலோமீட்டர் வந்தால் துறைமுக மதிலுக்குள்ளே இந்த விளையாட்டு நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கியது. தொடங்கியவர் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1881 புயலில் அலைதடுப்புச் சுவர்கள் சிதைந்த துறைமுகம் இது. கிழக்கே திறந்திருந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் வைத்தது ஸ்பிரிங்கின் காலத்து வேலை. அலை அடங்கிய நீர்ப்பரப்பு கிடைத்ததும் அதில் பாய் விரிக்க ஆள் வந்துவிட்டார்கள். தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இங்கேதான் பயிற்சி தருகிறது. டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளுக்குப் போன நேத்ரா குமணன், டோக்கியோவில் 49-ஈஆர் படகு ஓட்டிய கணபதி, வருண் தக்கர் எல்லாரும் சரக்குக் கப்பல்களின் நிழலில் பாய் பிடிக்கக் கற்றவர்கள்.

ஒலிம்பிக்கில் பிரிவுச் சிக்கல் இல்லை. எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த படகு. முந்தினால் ஓட்டியவர் கெட்டி, அவ்வளவுதான். இந்த யோசனைக்கு வயது அதிகம். 1887-இல் அயர்லாந்தின் டப்ளினில் 'வாட்டர் வேக்' என்ற சின்னப் படகு வகையைத் தொடங்கியவர்கள், எல்லாரும் ஒரே வரைபடத்தில்தான் படகு கட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். பணக்காரன் ஆண்டுதோறும் புதுப் படகு கட்டி ஜெயித்துக்கொண்டே போவதைப் பார்த்து அலுத்ததன் விளைவு அது. ஒரே வடிவப் படகு வகைகளில் உலகில் முதலாவது என்று அதைச் சொல்கிறார்கள்.

ஆனால் படகைச் சமமாக்கினால் ஆள் சமமாகிவிடுவதில்லை. புரூஸ் கர்பி வடிவமைத்து 1970-களில் உலகமெங்கும் பரவிய லேசர் படகை எடுத்துக்கொள்ளுங்கள். தனி ஆள் ஓட்டுவது. 80 கிலோ ஆள் விளிம்பில் சாய்ந்து தொங்கினால் பாய் நிமிர்ந்து நிற்கும், 55 கிலோப் பெண் தொங்கினால் படகு அவரையும் கூட்டிக்கொண்டு கவிழும். அதற்கு லேசர்காரர்கள் கண்ட வழி எளிமையானது. கூடு அதேதான், பாய் மட்டும் மூன்று அளவு: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். படகைக் கூறு போடாமல் ஆளைக் கூறு போட்டிருக்கிறார்கள். பாக்சிங் தராசு படகுக்குள் வந்துவிட்டது. குழந்தைகளுக்கான ஆப்டிமிஸ்டில் தராசு இல்லை, பிறந்த தேதிதான். 15 வயது நிறைந்த ஆண்டோடு அந்தப் பெட்டிப் படகை விட்டு இறங்கியாக வேண்டும்.

ஒரே வகைப் படகு பத்து இருக்கிற கிளப்புக்கு நான் இந்த ஒரே வடிவ வழியைத்தான் சொல்வேன், வேறு எதையும் தேட வேண்டாம். படகுகளில் ஒன்று புதுசு, ஒன்று கிழடு என்றால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, சுற்றுக்குச் சுற்று படகை மாற்றிக்கொள்ளலாம். பழைய ஃபைபர் கூடு ஆண்டுக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும், அந்தக் கனம் எல்லார் தலையிலும் ஒருமுறை விழட்டும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பத்துப் படகு பத்து வகையாக இருக்கிற இடத்தில். பெரும்பாலான கிளப்புகள் அப்படித்தான்.

அளந்து பிரிக்கலாமே என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. நீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு பழைய பாடம். நீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகின் உச்ச வேகம், நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். 9 அடிப் படகு மணிக்கு 4 கடல்மைல் போனால் 16 அடிப் படகு 5.3 போகும். இந்தக் கணக்கை நம்பி விதி எழுதியவர்கள் எல்லாரும் ஒரு பாடம் கற்றார்கள். எதை அளக்கிறீர்களோ அதைக் குறுக்கி, அளக்காததைப் பெருக்கிப் படகு கட்டுவான் தச்சன்.

1855-இல் லண்டனின் தேம்ஸ் நதிக் கிளப் ஒரு டன் கணக்கு வகுத்தது. அதில் அகலத்துக்குத் தண்டனை அதிகம். முப்பதே ஆண்டில் படகுகள் பலகையைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல ஒல்லியாகிவிட்டன. ஆழம் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போனது. 1886-இல் 'ஊனா' என்ற அப்படியொரு ஒல்லிப் படகு அயர்லாந்துக் கரையில் நொறுங்கியது. அதை வடிவமைத்தவரும் அதில்தான் இருந்தார். அதன் பிறகே விதி மாறியது.

இதைப் படித்தபோது எனக்குக் காசிமேடு நினைவுக்கு வந்தது. மீன்பிடிச் சட்டமும் ஒரு பிரிவு விதிதானே! 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகு என்றும் நாட்டுப்படகு என்றும் இரண்டாகப் பிரித்து, கரையை ஒட்டிய நீரை நாட்டுப்படகுக்கு விட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையும் விசைப்படகுக்குத்தான். ஆக, ஒரு படகு எந்தப் பிரிவு என்பது அந்த வீட்டில் இரண்டு மாதம் உலை எரிவதைத் தீர்மானிக்கிறது. சட்டம் படகின் வகையையும் நீளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே எஞ்சின் பெருத்தது. அதிகக் குதிரைத்திறன் கொண்ட சீன எஞ்சினுக்கு எதிராகக் காசிமேட்டிலேயே ஒரு தரப்பு மீனவர்கள் போராட வேண்டியிருந்தது. தேம்ஸ் நதி யாட் முதலாளிக்கும் காசிமேட்டு லாஞ்சு ஓனருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். விதியின் ஓட்டையைப் பார்க்கிற கண் மட்டும் ஒன்று.

அளவு விதியின் இன்னொரு கதையில் நம் ஊர்ச் சொல் ஒன்று சிக்கியிருக்கிறது. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் வில்லியம் டாம்பியருக்குப் பெரும் பங்கு உண்டு. சோழமண்டலக் கரைக்கு வந்துபோன அந்தக் கடலோடியின் பயணநூல் 1697-இல் வெளிவந்தது. பின்னாளில் வெள்ளைக்காரர்கள் பசிபிக் தீவுகளின் இரட்டைக்கூட்டுப் படகுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். நம் கட்டுமரத்துக்கு இரண்டு கூடு கிடையாது, மரத்தை மரத்தோடு சேர்த்துக் கட்டியது. பெயர் நம்முடையது, பொருள் வேறு. 1876 ஜூனில் அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டை ஒட்டி நியூயார்க்கில் நடந்த பந்தயத்துக்கு நத்தானியல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டைக்கூட்டுக் 'கட்டுமரத்தை'க் கொண்டுவந்தார். எல்லாரையும் பின்னால் விட்டு முதலில் வந்தார். தோற்றவர்கள் மனு எழுதினார்கள். அது படகே இல்லை என்பது வாதம். பரிசு போனது. வழக்கமான யாட் பந்தயங்களில் அந்த வகைக்கு நெடுங்காலம் இடமும் இல்லாமல் போனது.

அந்த மனுவை எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கனத்த அடிப்பாரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறவன், பாரமே இல்லாமல் இரண்டு கூட்டில் தாவுகிறவனோடு ஒரே வரிசையில் நிற்பது நியாயமில்லைதான். தவறு எங்கே என்றால், அதற்கென்று ஒரு தனி வரிசை போடாமல் வாசலைச் சாத்தியதில்.

மூன்றாவது வழி, எல்லாரையும் ஒன்றாக விட்டுக் கணக்கில் சரிசெய்வது. நம் சின்ன கிளப்புகளுக்குக் கைகொடுப்பது இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

படகு வகையைக் குறிக்கும் 'கிளாஸ்' என்பதற்கு 'வகுப்பு' என்று எழுத எனக்குத் தயக்கம் உண்டு. நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பள்ளிக்கூடமும் உண்டு, வேறு வம்பும் உண்டு. ஆனால் கணக்கு வாத்தியாரின் வகுத்தலும் அதே வேர்தான், இந்த மூன்றாவது வழியில் நிஜமாகவே வகுக்கிறார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பக்கத்துக் கிளப்பில் மில்லெட்ஜ் என்பவர் உருவாக்கியது போர்ட்ஸ்மவுத் எண். 1950-களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படகு வகைக்கும் ஓர் எண். படகு எடுத்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம். எந்தப் படகையும் டேப் வைத்து அளப்பதில்லை. பல கிளப்புகளில் நடந்த பந்தய முடிவுகளைச் சேர்த்து, ஓடியதைப் பார்த்தே எண் போடுகிறார்கள். தச்சனின் தந்திரம் இங்கே பலிக்காது. வேகமான படகைக் கட்டினால் எண்ணும் கூடவே இறங்கும்.

ஒன்பது படகு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மூன்று லேசர், இரண்டு எண்டர்பிரைஸ், மூன்று ஆப்டிமிஸ்ட், ஒரு 29-ஈஆர். தோராயமாக லேசருக்கு 1100, எண்டர்பிரைசுக்கு 1120, ஆப்டிமிஸ்டுக்கு 1640, 29-ஈஆருக்கு 900. எல்லாரும் ஒரே தடத்தைச் சுற்றி வருகிறார்கள். 29-ஈஆர் 45 நிமிடம், லேசர் 55, எண்டர்பிரைஸ் 56, ஆப்டிமிஸ்ட் 82. வகுத்துப் பாருங்கள், நாலுக்கும் ஈவு 50 நிமிடம். அரை மணிக்கு மேல் பிந்திவந்த பத்து வயதுப் பிள்ளை, இளைஞர்கள் இருவர் பறந்துவந்த படகோடு சமம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது நம் கடலிலேயே இருக்கிறது. சென்னையில் காலையில் கரைக்காற்று. வெயில் ஏறி நிலம் சூடானபின், நண்பகலை ஒட்டிக் கடல்காற்று உள்ளே நுழையும். இரண்டுக்கும் நடுவே ஒரு செத்த நேரம், பாய் துவண்டு தொங்கும். பந்தயத்தை 11.30-க்கு விட்டீர்கள் என்றால் 29-ஈஆரும் லேசரும் அந்தச் செத்த காற்றிலேயே உருண்டு கரையேறிவிடும். இன்னும் கடைசிச் சுற்றில் இருக்கிற ஆப்டிமிஸ்டுக்கு முதுகில் புதுக் காற்று. 82 நிமிடத்தில் வரவேண்டியது 78-இல் வந்தால் திருத்திய நேரம் 47 நிமிடம் 34 வினாடி, கோப்பை அதற்கு. மாலையில் விட்டால் கதை தலைகீழ். காற்று அடங்க அடங்கப் பிந்திய படகு கடலிலேயே கிடக்கும். எண்ணில் பிழை இல்லை. எல்லாருக்கும் ஒரே காற்று என்று நினைத்துத்தான் எண் போட்டார்கள். நிமிடத்துக்கு நிமிடம் அது வேறு காற்று.

எண் பிறந்த இடத்தையும் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் இங்கிலாந்தின் நீர்த்தேக்கங்களிலும் முகத்துவாரங்களிலும் ஓடிய படகுகளின் சராசரி. வங்காள விரிகுடாவின் குட்டை அலை அதற்குத் தெரியாது. அங்கே அதை வெளியிடுகிறவர்களே உங்கள் நீருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அச்சிட்ட எண்ணின் மேல் நமக்கு ஒரு பக்தி. ஒரு கிளப்பில் (பெயர் வேண்டாம்) எண்ணைத் திருத்தலாமே என்று கேட்டதற்கு, "அது லண்டன்ல போட்டது சார்" என்று பதில் வந்தது. இரண்டு பருவத்து முடிவுகளை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்தால் போதும். இந்தத் துறைமுகத்துக்கு எண்டர்பிரைஸ் 1120-ஆ 1150-ஆ என்று அந்த நோட்டே சொல்லும்.

படகுக்கு எண் போடாமல் ஆளுக்கு எண் போடுகிற வழக்கமும் உண்டு, கோல்ஃப் மாதிரி. ஜெயித்தவருக்கு அடுத்த வாரம் எண்ணைக் குறைப்பது, தோற்றவருக்கு ஏற்றுவது. பொழுதுபோக்குப் பந்தயத்துக்கு இது சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். மூன்றாம் மாதம் ஒருவர் எண்ணை ஏற்றிக்கொள்வதற்காகவே மிதவையை அகலமாகச் சுற்ற ஆரம்பிப்பார். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க விதி கிடையாது.

சரி, எண் இருக்கிறது. பிரிவு எத்தனை? இதற்கு நான் கடலை விட்டுத் தெற்குச் சீமையின் மாட்டுவண்டிப் பந்தயத்துக்குப் போவேன். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று அங்கே பிரிவுக்கு இருக்கிற பெயரே பாதி அழகு. மாட்டுக்கு ஏற்றபடி பிரிவு, பிரிவுக்கு ஏற்றபடி தூரம். பெரிய மாட்டுக்கு நெடுந்தூரம், சின்ன மாட்டுக்குக் குறைச்சல். வண்டிகள் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் அந்தப் பிரிவையே இரண்டாக உடைத்து ஓட்டுகிறார்கள். அதில் இரண்டு விஷயம் படகுக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. மெதுவான பிரிவுக்குச் சுற்றைக் குறைத்தால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கரையேறுவார்கள், மேலே சொன்ன காற்று ஓட்டை பாதி அடைபடும். இரண்டாவது, ஆள் வந்தால்தான் பிரிவு. ஒன்பது படகுக்கு நாலு பிரிவு போட்டால் ஆளுக்கொரு கோப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், பந்தயம் மட்டும் நடந்திருக்காது.

எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். எண்களை வரிசையாக எழுதி, இடைவெளி பெரிதாக இருக்கிற இடத்தில் கோடு போட வேண்டும். மேலே சொன்ன ஒன்பதில் 1120-க்கும் 1640-க்கும் நடுவே யானை போகிற இடைவெளி. கோடு அங்கேதான், ஆப்டிமிஸ்ட் தனி. லேசருக்கும் எண்டர்பிரைசுக்கும் நடுவே கோடு போடுகிறவர் யாரையோ ஜெயிக்கவைக்கப் பார்க்கிறார். ஒற்றை 29-ஈஆர் என்ன செய்யும்? லேசர்களோடு ஓடட்டும். தனியாக ஓடிக் கோப்பை வாங்குவதைவிட ஒரு கூட்டத்தோடு ஓடித் தோற்பது மேல் என்று அதை ஓட்டுகிற பையன்களே சொல்வார்கள்.

குடும்பத்தோடு வருகிற நாளில் இன்னொரு முறையும் நன்றாக இருக்கும். கணக்கை முடிவில் போடாமல் தொடக்கத்தில் போடுவது. ஆப்டிமிஸ்ட் முதலில் கிளம்பும். 26 நிமிடம் கழித்து எண்டர்பிரைஸ், அடுத்த நிமிடம் லேசர், 37-ஆவது நிமிடத்தில் 29-ஈஆர். 82-ஆவது நிமிடம் ஊதும்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவர் முதல். கரையில் நிற்கிற பாட்டிக்கும் புரியும், வகுத்தலும் வேண்டாம், கால்குலேட்டரும் வேண்டாம். காற்று ஓட்டை இதிலும் முழுசாக அடைபடாது. ஆனால் சண்டை குறையும், கடைசிப் பத்து நிமிடம் எல்லாப் பாயும் ஒரே இடத்தில் குவிகிற காட்சி கிடைக்கும்.

இவ்வளவும் துறைமுகத்து மதிலுக்கு உள்ளே. மதிலுக்கு வடக்கே போனால் பாயே கண்ணில் படாது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை அரிப்புக்குப் பயந்து கரை நெடுகக் கல் கொட்டியிருக்கிறார்கள். சின்னப் படகைத் தள்ளி இறக்க மணல் கிடைப்பதே அரிது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. நடுப்பலகை இறக்கி ஓட்டுகிற படகு தரை தட்டும். பாய் கட்டிய கட்டுமரங்கள் எஞ்சின் வந்தபின் குறைந்தன. 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் வந்து குவிந்ததில் மிச்சமும் ஒதுங்கின. அந்த மரங்களுக்குள்ளும் பிரிவு இருந்தது. கோலா மீனுக்கு ஆழ்கடல் போகும் கோலா மரத்தையும் கரையோரச் சின்ன மரத்தையும் யாரும் ஒன்றாக எண்ணியதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி, நம்புதாளைப் பக்கம் மீனவர்கள் இன்றும் பாய்மரப் படகுப் பந்தயம் விடுகிறார்கள். படகுக்கு இத்தனை பேர் என்று ஆளைக் கட்டிவிட்டுப் பாயை விரிக்கிறார்கள். வடசென்னையில் அதற்கு இணையாக ஒன்று ஏன் இல்லை என்பது கிளப்புகளின் கணக்கில் சேராத கேள்வி.

காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தேன். இளமையில் பாய் வைத்து மரம் ஓட்டியவர். பந்தயத்தில் மரங்களை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் கை நிற்கவில்லை.

"சும்மா ஓட்டறதுக்கா, மீனோட வர்றதுக்கா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார். "மொதல்ல கரை புடிச்சவனுக்குத்தான் ரேட்டு. ஆனா மொதல்ல வர்றவன் மரத்துல மீனு கம்மியாத்தான் இருக்கும். அதனாலதான் லேசா வந்துட்டான். கனமா வர்றவன் பின்னாடிதான் வருவான்."

"அப்ப யாருங்கய்யா ஜெயிச்சவர்?"

ஊசியை நிறுத்திக் கடலைப் பார்த்தார். "காத்து எத்தினி மணிக்கு ஏறும்னு தெரிஞ்சு வலைய எடுத்தவன்." சொல்லிவிட்டுத் தலைக்கு மேலே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த லுங்கியைக் காட்டினார். அதுவரை தொங்கிக்கொண்டிருந்த அது கரைப்பக்கமாக மெல்ல எழும்பத் தொடங்கியிருந்தது. மணி 12.20.